டார்லிங் ஆற்றங்கரை ஆட்டு ஸ்டேஷனில் இருந்த மூதாதையைத் தேடுவது எப்படி?

கேட்டவர் மெல்பேர்னில் வசிக்கிறார். மனைவி ஆஸ்திரேலியாவிலேயே பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். மனைவியின் அம்மாவுக்குத் தாத்தாவான ஒருவர் 1880களில் நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில், டார்லிங் ஆற்றங்கரையில், கிஞ்சேகா என்ற ஆட்டு ஸ்டேஷனில், அதாவது பெரிய ஆட்டுப் பண்ணையில், இருந்தாராம். "அந்த ஸ்டேஷனே நம்முடையதுதான், வறட்சியில் கைவிட்டுப் போனது" என்பது வீட்டுப் பேச்சு. கையில் இருப்பது ஒரு பெயரும் ஒரு பழைய புகைப்படமும். பிள்ளைகளுக்காக வம்சாவளி எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

அந்த "நம்முடையது" என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். ஸ்டேஷன் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை வருவதற்குள் வேலி சுற்றியவர் மேனேஜராகவும், மேனேஜர் முதலாளியாகவும் பதவி உயர்வு பெற்றுவிடுவார்கள். யாரும் பொய் சொன்னதாக அர்த்தமில்லை. "தாத்தா கிஞ்சேகாவில் இருந்தார்" என்று சொல்லிச் சொல்லி "தாத்தாவின் கிஞ்சேகா" ஆகிவிடும், அவ்வளவுதான். கிஞ்சேகா 1870ல் தென் ஆஸ்திரேலியாவின் ஹ்யூஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. உங்கள் மனைவி வழியில் அந்தக் குடும்பப் பெயர் இல்லையென்றால், 1880களில் அவர் அங்கே முதலாளியாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொன்று, அந்தப் பக்கத்து ஸ்டேஷன்கள் பெரும்பாலும் சொந்த நிலம் அல்ல. அரசிடம் குத்தகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலம். அதன் மேல் வங்கிக் கடனோ கம்பளி வியாபார நிறுவனத்தின் கடனோ இருக்கும். ஆவணத்தில் குத்தகைதாரராக ஒரு வங்கியின் பெயரைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆகவே தேடலின் முதல் கேள்வி "அவர் யார்?" அல்ல, "அங்கே அவருக்கு என்ன வேலை?" என்பதே. குத்தகைதாரர், மேனேஜர், ஓவர்சியர், கணக்கர், குதிரையில் வேலியைச் சுற்றிப் பார்க்கும் பவுண்டரி ரைடர், சமையல்காரர், கொல்லர், குளம் வெட்டுபவர், மாட்டு வண்டிக்காரர், பருவத்துக்கு மட்டும் வந்து கம்பளி கத்தரித்துவிட்டுப் போகும் ஷியரர் என்று ஒரு பெரிய ஸ்டேஷனில் பல வகை ஆட்கள். ஒவ்வொரு வேலையும் வேறு வேறு இடத்தில் காகிதத்தை விட்டுச் செல்லும். ஷியரரை நில ஆவணங்களில் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடலாம்.

கையிலுள்ள புகைப்படமே இதற்குக் கொஞ்சம் பதில் சொல்லும். முதலில் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சடித்திருக்கும். புரோக்கன் ஹில் என்று இருந்தால் படம் 1883க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த ஊருக்குக் காரணமான சுரங்க உரிமையே 1883ல்தான் பதிவானது. கம்பளிக் கொட்டகைக்குள் எடுத்த படம் என்றால், ஷியரர்களின் தலைக்கு மேலே சுழல்தண்டும் அதிலிருந்து தொங்கும் குழாய்க் கைகளும் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். அவை இயந்திரக் கத்தரிப்பின் அடையாளம். பர்க் ஊருக்குக் கீழே டன்லப் ஸ்டேஷனில் 1888ல்தான் ஒரு கொட்டகை முழுவதும் இயந்திரத்தால் கத்தரித்தார்கள். அதனால் சுழல்தண்டு தெரியும் படம் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கையில் பெரிய இரும்புக் கத்தரி மட்டும் இருந்தால் முந்தையதாகவும் இருக்கலாம், பிந்தையதாகவும் இருக்கலாம். எல்லாக் கொட்டகையும் ஒரே ஆண்டில் மாறிவிடவில்லை.

இறப்புச் சான்றிதழிலிருந்து பின்னோக்கி

நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அரசின் கைக்கு வந்தது 1856 மார்ச்சில். அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள் மட்டுமே. பதிவகத்தின் இணைய அட்டவணையில் 100 ஆண்டு தாண்டிய பிறப்புகள், 50 ஆண்டு தாண்டிய திருமணங்கள், 30 ஆண்டு தாண்டிய இறப்புகள் இலவசமாகத் தேடக் கிடைக்கும். அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழை முழுதாக வாங்குங்கள். செலவு அதிகம் என்றால் பதிவகத்தின் அனுமதி பெற்ற படியெழுத்தாளர்கள் குறைந்த விலையில் எல்லா வரிகளையும் எழுதித் தருவார்கள்.

அந்த ஒரு தாளில் இறந்தவரின் பெற்றோர் பெயர், தாயின் கன்னிப் பெயர், தந்தையின் தொழில், பிறந்த இடம், எந்தெந்தக் குடியேற்றத்தில் (அன்றைய காலனியில்) எத்தனை ஆண்டு இருந்தார், எங்கே, எந்த வயதில், யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும், எங்கே புதைத்தார்கள், தகவல் சொன்னவர் யார் என்று எல்லாம் இருக்க வேண்டும். "எத்தனை ஆண்டு" என்ற வரியைத் தவறவிடாதீர்கள். "தென் ஆஸ்திரேலியா 12, நியூ சவுத் வேல்ஸ் 20" என்று இருந்தால் கப்பல் பயணியர் பட்டியலை எந்தத் துறைமுகத்தில் தேடுவது என்பது தீர்ந்துவிட்டது.

தாளின் நம்பகத்தன்மை முழுக்கத் தகவல் சொன்னவரைப் பொறுத்தது. ஸ்டேஷனில் இறந்த ஒற்றை ஆளுக்கு மேனேஜரோ சமையல்காரரோ வந்து சொல்லியிருப்பார். பெற்றோர் இடத்தில் "தெரியாது", வயது உத்தேசம். அப்படி வெற்றாக வந்தால் திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் வயது, பிறந்த இடம், மணந்த இடம், முன்பிறந்த பிள்ளைகள் ஆகியவை வரும். மூத்த பிள்ளையுடையதை முதலில் வாங்குவது நல்லது; அந்த நேரத்தில் பெற்றோர் சொன்ன பிறந்த ஊர் பெரும்பாலும் குறிப்பாக இருக்கும், எட்டாவது பிள்ளையின்போது "இங்கிலாந்து" என்று சுருங்கிவிடும்.

வயதான ஒற்றை ஆட்களை டார்லிங் கரையில் தேடிக் காணவில்லை என்றால் சிட்னியைச் சுற்றிப் பாருங்கள். உழைத்து ஓய்ந்த ஸ்டேஷன் வேலைக்காரர்கள் பலர் லிவர்பூல், பரமாட்டா, ரூக்வுட் ஆகிய இடங்களில் இருந்த அரசு ஆதரவற்றோர் இல்லங்களில்தான் கண்ணை மூடினார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத மரணங்கள் பல அந்தப் பதிவேடுகளில் இருக்கின்றன.

நியூ சவுத் வேல்ஸ் நிலம், அடிலெய்டு காகிதம்

பலர் ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. வரைபடத்தில் கிஞ்சேகா நியூ சவுத் வேல்ஸ். ஆனால் அன்று அதன் பணமும் சரக்கும் ஆட்களும் போய்வந்தது பெரும்பாலும் தென் ஆஸ்திரேலியா வழியாக. கம்பளிப் பொதிகள் துடுப்புச் சக்கர நீராவிப் படகில் டார்லிங் வழியாக மரே ஆற்றுக்கு இறங்கின. 1878ல் மரே கரையில் மார்கனுக்கு ரயில் வந்தபின் அங்கிருந்து அடிலெய்டுக்குப் போயின. 1888ல் புரோக்கன் ஹில்லுக்குத் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து ரயில் தொடர்பு கிடைத்துவிட்டது; சிட்னியிலிருந்து நேர் ரயில் 1927ல்தான் வந்து சேர்ந்தது. புரோக்கன் ஹில் கடிகாரம் இன்றும் அடிலெய்டு நேரத்தையே காட்டுகிறது.

அதனால் திருமணம், பிரசவம், கடைசிக்கால மருத்துவம், உயில் எல்லாம் அடிலெய்டிலோ தென் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஊர்களிலோ பதிவாகியிருக்கலாம். அங்கே அரசுப் பதிவு 1842லேயே தொடங்கிவிட்டது என்பது நல்ல செய்தி. கெட்ட செய்தி, அந்தச் சான்றிதழ்கள் மிகவும் வறண்டவை. 19ஆம் நூற்றாண்டு இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது, திருமணப் பதிவில் தந்தையர் பெயர் மட்டும் வரும், தாயர் வரமாட்டார்கள். ஆகவே ஒரே ஆள் இரண்டு குடியேற்றங்களிலும் தடம் வைத்திருந்தால் நியூ சவுத் வேல்ஸ் தாளுக்கே முதலில் செலவழியுங்கள்.

குத்தகைதாரர் அடிலெய்டில் இறந்தாலும் நிலம் நியூ சவுத் வேல்ஸில் இருந்தால், அவர் உயிலை நியூ சவுத் வேல்ஸிலும் ஒருமுறை முத்திரையிட்டு அங்கீகரிக்க வேண்டும். அதோடு முத்திரை வரி அலுவலகத்தின் 1880 முதல் 1958 வரையான இறந்தோர் சொத்துக் கோப்புகள் சிட்னிக்கு மேற்கே கிங்ஸ்வுட்டில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உயிலைவிட இந்தக் கோப்பு பல நேரம் பயனுள்ளது, ஏனென்றால் சொத்தை வரி அதிகாரிக்குக் கணக்குக் காட்டிய பட்டியல் உள்ளே இருக்கும்: எத்தனை ஆடு, எத்தனை குதிரை, யாருக்கு எவ்வளவு கடன்.

இன்னொரு இடப்பெயர்க் குழி. "டார்லிங்கில் இருந்தார்" என்று மட்டும் குடும்பத்தில் சொன்னால் அது டார்லிங் ஆறாக இருக்கலாம், குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் சமவெளியாகவும் இருக்கலாம். இரண்டும் ஆட்டு நாடு, இரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர். கிஞ்சேகாவுக்குப் பக்கத்து ஊரான மெனிண்டியின் பெயரைப் பழைய தாள்களில் கடைசியில் 'ஐ-இ' போட்டு எழுதினார்கள், இன்று 'இ-இ'. இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் பாதி கிடைக்காது.

செய்தித்தாளும் அரசிதழும்

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள், பெரும்பாலும் 1954 வரை, இலவசமாகக் கிடைக்கின்றன. கிஞ்சேகாவுக்கு வில்கேனியாவின் வெஸ்டர்ன் கிரேசியர், புரோக்கன் ஹில்லின் பேரியர் மைனர், அடிலெய்டின் ரெஜிஸ்டர், அப்சர்வர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். சிட்னி தாள்கள் அதற்குப் பிறகு.

குடும்பப் பெயரை மட்டும் தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். குடும்பப் பெயரையும் ஸ்டேஷன் பெயரையும் ஒரே மேற்கோள் குறிக்குள் போட்டு, பின்னால் அலைக்குறியும் (~) 10 என்ற எண்ணும் சேர்த்தால், இரண்டு சொற்களும் பத்துச் சொல் இடைவெளிக்குள் வரும் பத்திகள் மட்டும் வரும். படத்திலிருந்து எழுத்தைக் கணினி படித்ததால் பிழை நிறைய. ஆங்கில 'சி' எழுத்து 'ஓ' ஆகும், 'ஹெச்' எழுத்து 'பி' ஆகும். ஸ்டேஷன் பெயரை நான்கைந்து விதமாகச் சிதைத்து எழுதித் தேடுங்கள். அப்புறம் ஆளை விட்டுவிட்டு ஸ்டேஷனை மட்டும் ஆண்டு வாரியாகப் படியுங்கள். கத்தரிப்பு எப்போது தொடங்கியது, யார் மேனேஜராக வந்தார், குதிரையிலிருந்து விழுந்தது யார், ஆற்றில் மூழ்கியது யார் என்று வரும். கிஞ்சேகா அருகே பிராவிடன்ஸ் என்ற படகின் கொதிகலன் 1872ல் வெடித்து ஆட்கள் இறந்தது போன்ற நிகழ்ச்சிகளில், சாதாரணமாக எங்கும் பெயர் வராத ஆட்களும் சாட்சியாகவோ சடலமாகவோ தாளில் ஏறிவிடுவார்கள்.

திடீர் மரணம் என்றால் மரண விசாரணைப் பதிவேடுகள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒற்றை வரிதான். விசாரணைத் தாள்கள் அதிகம் தப்பவில்லை. நடந்ததை முழுதாகத் தருவது உள்ளூர்ச் செய்தித்தாளே.

எல்லோரும் மறக்கும் பொக்கிஷம் போலீஸ் துறை வெளியிட்ட இதழான போலீஸ் கெஜட். 1862 முதல் வந்தது. குற்றவாளிகள் மட்டும் அதில் இருப்பதாக நினைக்காதீர்கள். மனைவி பிள்ளைகளைக் கைவிட்டுப் போனவர் மேல் வாரண்ட், காணாமல் போனவரைத் தேடும் உறவினர், குதிரை திருடு கொடுத்தவர், எல்லாம் இருக்கும். உயரம், முடி நிறம், தழும்பு, பேச்சு வழக்கு, "ஷியரர், டார்லிங் பக்கம் போயிருக்கலாம்" என்பது வரை எழுதியிருப்பார்கள். புகைப்படமே இல்லாத ஒரு மூதாதையின் உருவம் அங்கே கிடைப்பது உண்டு. கூடவே வீட்டில் மறைத்து வைத்த சங்கதியும் கிடைக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

நியூ சவுத் வேல்ஸ் அரசிதழும் 1832 முதல் ட்ரோவிலேயே உள்ளது. உயில் எழுதாமல், வாரிசு இல்லாமல் இறந்தவர்களின் சொத்தைப் பொறுப்பேற்ற அதிகாரி அதில் பட்டியல் வெளியிடுவார்: இறந்தவர் பெயர், இங்கே வாழ்ந்த இடம், குடும்பம் இருப்பதாக நம்பப்படும் வெளிநாட்டு ஊர். சம்பளப் பாக்கி சில பவுண்டு மட்டுமே விட்டுச் சென்ற பவுண்டரி ரைடருக்கும் இந்தப் பட்டியலில் இடமுண்டு.

நில ஆவணம்: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

மூதாதை குத்தகைதாரர், மேனேஜர், அல்லது பின்னாளில் சிறு நிலம் எடுத்தவர் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். சுருக்கமான வரலாறு இதுதான். 1836ல் குடியேற அரசு அனுமதித்த எல்லைக்கு வெளியே ஆடு மேய்ப்பவர்கள் ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டினார்கள். 1847ல் நீண்டகாலக் குத்தகைக்கு வழி பிறந்தது. 1848 அரசிதழில் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் எல்லை, பரப்பு, எத்தனை ஆடு தாங்கும் என்று பட்டியல் உண்டு. டார்லிங்கின் மேற்குப் பகுதிகள் அதற்குப் பிந்தியே நிரம்பின. 1861ல் ராபர்ட்சன் சட்டம்: யாரும் அரசு நிலத்தில் 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்தெடுக்கலாம், ஏக்கருக்கு 1 பவுண்டு, அதில் கால்பங்கு முன்பணம், அங்கேயே குடியிருக்க வேண்டும். 1884 சட்டம் ஒவ்வொரு பெரிய குத்தகையையும் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி பழைய குத்தகைதாரருக்கு, மறுபாதி அரசு மீட்டுக்கொள்ளத் தக்கது. மேற்குப் பிரிவில் சிறு குடியானவர்களுக்கு 10,240 ஏக்கர் வரை குத்தகை கொடுத்தார்கள். அதாவது 16 சதுர மைல். நம் ஊர்க் கணக்கில் ஜமீன், அங்கே வறட்சியில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடவே போதாது. 1901ல் மேற்கத்திய நிலச் சட்டம் வந்து குத்தகைகளை 1943 வரை நீட்டியது.

1861 சட்டத்தின் கீழ் உங்கள் ஆளின் பெயரில் நிலம் இருந்ததென்று பதிவேட்டில் கண்டால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். பெரிய குத்தகைதாரர்கள் வேலைக்காரர்கள், மைத்துனர்கள், பிள்ளைகள் பெயரில் நல்ல தண்ணீர்க் கரையை எல்லாம் எழுதிவைத்துக்கொண்டார்கள். நம் ஊர் பினாமியேதான். ஆற்றங்கரையிலோ குளத்தைச் சுற்றியோ ஒரே நாளில் ஐந்தாறு பேர் பெயரில் துண்டு துண்டாக எழுதி, சில ஆண்டுகளில் எல்லாம் ஒரே கைக்கு மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். நிலத் துறையின் இணையதளத்தில் பழைய பாரிஷ் (நில அளவைப் பிரிவு) வரைபடங்களை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டிலும் முதலில் எடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். ஒரே பாரிஷுக்கு வேறு வேறு ஆண்டுப் பதிப்புகள் உண்டு. எல்லாவற்றையும் திறந்து பாருங்கள், ஏனென்றால் புதிய பதிப்பில் பழைய பெயரை அழித்திருப்பார்கள்.

வறட்சியில் போனது என்ற குடும்பப் பேச்சைச் சோதிக்க ஒரு நல்ல இடம் உண்டு. மேற்குப் பிரிவின் குத்தகைதாரர்கள் நிலை பற்றிய அரச விசாரணைக் குழு 1901ல் அறிக்கை தந்தது. முயல் தொல்லை, வறட்சி, கடன் என்று பலர் நேரில் வந்து சொன்ன சாட்சியம் கேள்வி பதிலாக அச்சில் இருக்கிறது. உங்கள் ஆள் சிறு குத்தகைதாரராக இருந்திருந்தால் அவர் இல்லாவிட்டாலும் அடுத்த வேலிக்காரர் அதில் பேசியிருக்கக்கூடும்.

ஸ்டேஷனின் சொந்தக் கணக்குப் புத்தகங்கள்

தேடலில் ருசியான பகுதி இது, கிடைத்தால். ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் சம்பளப் பேரேடு, கடைக் கணக்கு, தினக் குறிப்பேடு, கத்தரிப்புக் கணக்கு, கடிதப் பிரதிப் புத்தகம் இருந்தன. இவை எங்கே போய்ச் சேர்ந்தன என்பது ஸ்டேஷனின் கடைசிக் கடன்காரரைப் பொறுத்தது. டால்கெட்டி, கோல்ட்ஸ்பரோ மார்ட் போன்ற கம்பளி நிறுவனங்களின் ஆவணங்கள் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் நோயல் பட்லின் காப்பகத்தில் உள்ளன. தெற்கே ரிவரினா பக்கத்து ஸ்டேஷன்களுக்கு வாகா வாகாவில் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகக் காப்பகம். டார்லிங் பக்கத்துக்கு அடிலெய்டில் உள்ள மாநில நூலகத்தையும் கேளுங்கள். அட்டவணையில் தேடும்போது ஸ்டேஷன் பெயரோடு நில்லாமல் முதலாளி குடும்பப் பெயர், அவர்களின் மற்ற ஸ்டேஷன்கள், கடன் கொடுத்த நிறுவனம் ஆகியவற்றையும் போடுங்கள். ஒரு முதலாளிக்கு மூன்று ஸ்டேஷன் இருந்தால் மூன்றின் கணக்கும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடும்.

சம்பளப் பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஒருபுறம் சம்பளம், மறுபுறம் ஸ்டேஷன் கடையில் வாங்கிய புகையிலை, பூட்ஸ், சட்டை, மருந்து. கடைசியில் கழித்துப் போட்ட காசோலை. குழந்தைக்குக் காலணி வாங்கிய வரி ஒன்று, அவர் குடும்பத்தோடு இருந்தார் என்பதற்குச் சான்று. வாரப் படி 10 பவுண்டு மாவு, 10 பவுண்டு இறைச்சி, 2 பவுண்டு சர்க்கரை, கால் பவுண்டு தேயிலை என்பது பழைய வழக்கம். ஒருவர் கணக்கில் அதற்கு இரட்டிப்பாகப் போயிருந்தால் மனைவி உடன் இருந்திருக்கிறார்.

ஷியரர் கணக்கு வேறு மாதிரி. நூறு ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி. 1886ல் அதை 20 ஷில்லிங்கிலிருந்து 17 ஷில்லிங் 6 பென்ஸாகக் குறைக்கப் பார்த்ததில்தான் ஷியரர் சங்கமே பிறந்தது. ஷியரர்கள் ஒரே பருவத்தில் பல கொட்டகைகளில் வேலை பார்த்தவர்கள். ஆகவே கிஞ்சேகா கணக்கில் மூன்று வாரம் மட்டும் பெயர் வந்தால் அதுவே இயல்பு. "தாத்தா ஒரு நாளில் 400 ஆடு கத்தரிப்பார்" என்று யாராவது சொன்னால், ஜாக் ஹௌ என்பவர் 1892ல் குயின்ஸ்லாந்தின் ஆலிஸ் டவுன்ஸில் கைக்கத்தரியால் 321 ஆடு கத்தரித்தது பல பத்தாண்டுகளுக்குச் சாதனையாக நின்றது என்பதை நினைவில் வையுங்கள்.

பெயர்கள் பற்றி எச்சரிக்கை. கணக்கர் பட்டப்பெயரைத்தான் எழுதுவார். சீனச் சமையல்காரர், தோட்டக்காரர் பெயருக்கு முன் வரும் "ஆ" குடும்பப் பெயர் அல்ல, பேச்சு வழக்கில் ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டு. அந்த "ஆ"வைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு தேடினால் எங்கும் போய்ச் சேர முடியாது. வேறு பெயரில் வாழ்ந்தவர்களும் உண்டு. புரோக்கன் ஹில் வெள்ளியைக் கண்டுபிடித்த சார்லஸ் ராஸ்ப் மவுண்ட் கிப்ஸ் ஸ்டேஷனின் பவுண்டரி ரைடர். அவருடைய உண்மைப் பெயரும் பூர்விகமும் வேறு என்று ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். அவருக்கே அப்படி என்றால் பெயர் தெரியாத மற்றவர்களைக் கேட்க வேண்டாம்.

ஆப்கானிய ஒட்டகக்காரர், பஞ்சாபி நடைவியாபாரி, சீனர் ஆகியோர் குடும்பத்தில் கலந்திருந்தால், ஆஸ்திரேலிய தேசியக் காப்பகத்தில் 1901 குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கொடுத்த விலக்குச் சான்றிதழ்களைத் தேடுங்கள். வெளிநாடு போய்த் திரும்ப வருவதற்கான அந்தத் தாளில் முகத்தின் முன்தோற்றம், பக்கத்தோற்றம், கைரேகை எல்லாம் ஒட்டியிருக்கும். வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுக்க வந்த சட்டம், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இருப்பதிலேயே தெளிவான ஆவணமாகியிருக்கிறது.

மெனிண்டியைச் சுற்றியுள்ள நிலம் பார்கின்ஜி மக்களுடையது. ஸ்டேஷன் உழைப்பில் அவர்கள் பங்கு பெரிது, பேரேட்டில் அவர்கள் இடம் சிறிது. "டாமி", "ஜாக்கி" என்ற ஒற்றைப் பெயரும், பணத்துக்குப் பதில் மாவும் புகையிலையும். உங்கள் மனைவி வழியில் அப்படி ஒரு கிளை தென்பட்டால் சாதாரண வழிகளில் போகாதீர்கள். 1883 முதல் இயங்கிய பழங்குடிப் பாதுகாப்பு வாரியத்தின் ஆவணங்களைப் பார்க்க மாநிலத்தின் பழங்குடி விவகாரத் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கான்பெராவின் ஐயாட்சிஸ் நிறுவனத்தில் குடும்ப வரலாற்றுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுபோன வரலாறு உள்ள குடும்பம் என்றால் லிங்க்-அப் அமைப்பு துணைக்கு வரும். மெனிண்டியில் 1933 முதல் இருந்த அரசுக் குடியிருப்பை 1949ல் முரின் பிரிட்ஜுக்கு மாற்றினார்கள்; 1949க்குப் பிறகு மெனிண்டியில் காணாமல் போன பெயர்களை அங்கே தேடுங்கள்.

சில சிறு வழிகள். 1903 முதல் கூட்டாட்சி வாக்காளர் பட்டியலில் "கிஞ்சேகா ஸ்டேஷன்" என்று முகவரியும் தொழிலும் வரும், பெண்களும் இருப்பார்கள். ஊர் ஊராகத் திரிந்தவர்கள் விடுபட்டிருப்பார்கள். முதல் உலகப் போருக்குப் போனவரின் படைக்கோப்பு முழுவதும் தேசியக் காப்பகத் தளத்தில் இலவசம். சிறு பள்ளி கேட்டுப் பெற்றோர் எழுதிய விண்ணப்பங்கள் மாநிலக் காப்பகத்தின் பள்ளிக் கோப்புகளில் உள்ளன, பிள்ளைகளின் பெயர் வயதோடு. ஞானஸ்நானத்தைப் பிறந்த ஆண்டில் தேடாதீர்கள். பாதிரியார் குதிரையில் வரும்வரை காத்திருந்து மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுப்பார்கள். கத்தோலிக்கர் என்றால் 1887ல் உருவான வில்கேனியா மறைமாவட்டம், ஆங்கிலிக்கர் என்றால் ரிவரினா மறைமாவட்டம். மக்கள்தொகைக் கணக்கை நம்பிப் பயனில்லை. 1882ல் அந்தத் தாள்கள் இருந்த சிட்னியின் கார்டன் பேலஸ் கட்டிடம் எரிந்தபோது முந்தையவை நிறையச் சாம்பலாயின. தப்பிய 1891, 1901 தாள்களில் வீட்டுத் தலைவர் பெயரும் ஆண் பெண் எண்ணிக்கையும் மட்டுமே. ஸ்டேஷனுக்குத் தலைவர் மேனேஜர், மற்ற நாற்பது பேரும் வெறும் எண்.

இணையத்தில் அந்நியர்கள் போட்டிருக்கும் வம்சாவளி மரங்களைக் குறிப்பாக மட்டும் பாருங்கள். ஒருவர் தவறாகச் சேர்த்த பெற்றோரை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள், நூறு பேர் சொன்னதால் அது உண்மையாகிவிடாது.

கடைசியாக, போய்ப் பார்ப்பது. புரோக்கன் ஹில்லிலிருந்து மெனிண்டி சுமார் 110 கிலோமீட்டர், தார் சாலை. கிஞ்சேகாவின் ஒரு பகுதி 1967ல் தேசியப் பூங்காவானது. 1875ல் கட்டிய கம்பளிக் கொட்டகை, ஏறத்தாழ 60 லட்சம் ஆடுகளைக் கத்தரித்த இடம், உள்ளே நடந்து பார்க்கத் திறந்திருக்கிறது. பழைய வீட்டின் இடிபாடும் ஸ்டேஷன் கல்லறையும் பக்கத்தில். இறப்புச் சான்றிதழில் புதைத்த இடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் இருந்தால் அது இந்தப் பூங்காவுக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. பழைய ஸ்டேஷன் இன்றைய பூங்காவைவிடப் பல மடங்கு பெரியது, தனிக் கல்லறைகள் வெளியே தனியார் குத்தகை நிலத்திலும் இருக்கும். அப்படியானால் இன்றைய குத்தகைதாரருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். கத்தரிப்பும் ஆடு ஈனும் பருவமும் தவிர்த்து அவர்கள் சொல்லும் நாளில் போங்கள். கோடையில் போகாதீர்கள், 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். மண் சாலைகளை மழை பெய்தால் மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு. கிளம்பும் நாள் காலையில் நகரசபையின் சாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.